பத்தில் நிற்கும் குமிழ்

பெட்டியின் வால்யூம் குமிழை மூன்றில் வைத்து ஒரு கிட்டார் கம்பியைச் சுண்டினார். ஐந்துக்குத் திருப்பி மறுபடி சுண்டினார். ஏழுக்குப் போனார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பட்டப்பகலில் அக்கம்பக்கத்திலிருந்து சண்டைக்கு வரவும் ஆள் இல்லை. நடப்பது நடக்கட்டும் என்று பத்துக்கே திருப்பினார். ஜன்னல் கண்ணாடி உதிர்ந்துவிடப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, ஆறு கம்பிகளையும் சேர்த்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணாடி சும்மா இருந்தது. மூன்றில் என்ன கேட்டதோ அதேதான் பத்திலும் கேட்டது. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கிட்டாரைக் கழற்றி சோபாவில் கிடத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போச்சு, காது போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

ஊரில் அவரைப் பத்து என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் டிரைவிங் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது, வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. மேடை ஏறியதும் அவர் செய்யும் முதல் காரியம், கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி பெட்டியிடம் போய், அந்தக் குமிழைப் பிடித்துக் கடைசி எண்ணான பத்து வரைக்கும் நிதானமாகத் திருப்புவது. பெட்டி என்றால் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர். அடுப்பங்கரை அலமாரி உயரத்துக்கு, கறுப்புத் தோல் போர்த்தி, தூக்குகிற ஆளின் இடுப்பை ஒடிக்கிற கனம். அவர் குமிழைத் திருப்பத் திருப்பக் கூட்டம் "பத்து! பத்து!" என்று கத்தும். பத்தைத் தொட்டதும் திரும்பி நின்று முதல் அடி அடிப்பார். அப்புறம் பாட்டு முடிகிறவரை யார் சொன்னாலும் குறைக்க மாட்டார். பக்கத்து மண்டபத்துக்காரர்கள் வந்து கெஞ்சியிருக்கிறார்கள். போலீஸ்காரர் ஒருவர் கையெடுத்தே கும்பிட்டிருக்கிறார். மசிந்ததில்லை. ஹார்டு ராக்கை மெதுவாக வாசிப்பதும் மிளகாயைக் கழுவித் தின்பதும் ஒன்று என்பார்.

இத்தனை சவடாலுக்கும் சோறு போட்டது என்னவோ ஸ்கூல் வேன்தான். காலையிலும் சாயங்காலமும் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார், நடுவில் கிட்டார். அதில் அவருக்குத் துளி வருத்தம் கிடையாது. முதல் குழுவைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஆரம்பித்தார்கள், பெயர் 'தகரம்'. பெயருக்கு வஞ்சனை இல்லாமல் வாசித்தார்கள். ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியரே எழுந்து வந்து திரையை இழுத்து மூடினார். அடுத்தது 'நாலாம் மாடி'. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒத்திகை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி முடிக்கும்போதே பாதிப் பேருக்கு வாசிக்கத் தெம்பு இருக்காது. பாட்டுக்காரனுக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும் அது கலைந்தது. மூன்றாவதுதான் 'கரும்புகை'. அவர்களுடைய பாட்டு ஒன்று, ஒன்றே ஒன்று, எப்படியோ பற்றிக்கொண்டது. முடிவெட்டும் கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் என்று ஒரு வருஷம் முழுக்க அந்தப் பாட்டுதான். அடுத்து போட்ட பாட்டெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். கடைசியாக இப்போது இருப்பது 'எருமைக் கூட்டம்', தொந்தி விழுந்தவர்களின் சங்கம். நாலு குழுவிலும் மாறாத ஆட்கள் இரண்டு பேர்தான். கிட்டாருக்குப் பத்து, டிரம்ஸுக்கு மச்சான்.

மச்சான் என்றால் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற மச்சான் இல்லை. தகரம் காலத்தில் சிநேகிதன், பிறகு தன் தங்கையைப் பத்துவுக்குக் கட்டிக் கொடுத்து நிஜமாகவே மச்சானாகிவிட்டவர். ரேடியோ, ஸ்பீக்கர் எல்லாம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறார். பெட்டி குடியிருப்பதும் அந்தக் கடையில்தான். ஒத்திகையும் அங்கேதான், மேடைக்கு ஏற்றிப் போவதும் இறக்கி வருவதும் மச்சான் பொறுப்பு. மேடையில்கூட அதை டிரம்ஸுக்கு இடப்பக்கம், தன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் வைத்துக்கொள்வார். அந்த வாரம் மச்சான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். கடைக் கூரை ஒழுகுகிறது என்று செய்தி வந்ததும், பத்து அவருக்குப் போன் போட்டு, பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் மாப்ள. மேல ஒரு பாலிதீன் போட்டு மூடு, போதும். வீட்டுக்கெல்லாம் கொண்டு போகாத."

பெட்டி மேல் மச்சானுக்கு அவ்வளவு பாசம் என்று பத்து நெகிழ்ந்து போனார். நெகிழ்ந்த கையோடு அதை ஸ்கூல் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பெட்டியை மச்சான் பக்கத்தில் இல்லாமல் அவர் தனியாக வாசித்தது அன்றைக்குத்தான்.

இதைவிடப் பொல்லாத நேரத்தில் காது போயிருக்க முடியாது. வருகிற சனிக்கிழமை கரும்புகை மறுபடி மேடை ஏறுகிறது. அந்தக் குழுவின் பாட்டுக்காரன் வருகிறான், பேஸ் கிட்டார்காரன் வருகிறான், நகர மைதானத்தில் சாயங்கால நிகழ்ச்சி, சுவரெல்லாம் போஸ்டர். காது கேட்காதவன் எந்த முகத்தோடு போய் நிற்பது? வேன் என்னாகும்? பின்னால் ஒரு பிள்ளை "அங்கிள், நிறுத்துங்க" என்று கத்தினால்? இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகள். வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறாள், தினமும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பூனைக்குட்டிக் குரல், அவள் பேசுவதை வாங்கிக்கொள்ள எதிரே இருப்பவர் கொஞ்சம் குனிய வேண்டும். பத்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து, அவள் பேசி, தனக்குக் கேட்காமல் போய்விட்டால்? அடித்து அடித்து அது ஓய்ந்தது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கூண்டுக்குள் முதலில் அவருடைய நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் கொசு பாடுவது மாதிரி ஒன்று, அழுத்தினார். அதைவிட மெல்லிசாக ஒன்று, அழுத்தினார். எதுவுமே இல்லாதபோதும் நப்பாசையில் ஓரிரு தடவை அழுத்தி வைத்தார், அதை டாக்டரம்மா கண்டுபிடித்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலை ஆட்டினார்.

வெளியே வந்ததும் அந்தம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், பத்துவின் நரைத்த நீள முடியைப் பார்த்தார், கை நிறையப் போட்டிருந்த வெள்ளி மோதிரங்களைப் பார்த்தார்.

"ராக் கிட்டார் வாசிக்கிறேன்னு சொன்னீங்கல்ல? நிஜமாவா?"

"மீசை முளைச்ச நாள்லேர்ந்துங்க."

"சத்தமாவா?"

"சத்தமாவான்னு ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"அப்போ ஆச்சரியமா இருக்கே. உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது. இப்படி வாசிக்கிறவங்க பாதிப் பேருக்கு நாற்பது தாண்டினதும் நான் மெஷின் மாட்டி அனுப்பறேன். நீங்க நல்லா கவனமா பாத்துக்கிட்டீங்க போல. வெரி குட்."

கவனமாவது மண்ணாங்கட்டியாவது! ஆனாலும் பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரம்மாவைக் கும்பிட்டார், வரிசையில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு தாத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடவுளே, நீ நல்லா இருக்கணும் என்று கடவுளையே வாழ்த்தியபடி படி இறங்கினார். பாதிப் படியில்தான் அது உறைத்தது. காது நன்றாக இருக்கிறது, சரி. அப்புறம் ஏன் பத்தில் வைத்தும் சத்தம் ஏறவில்லை? ஜன்னல் கண்ணாடிகூட அதிரவில்லையே, அந்தக் கண்ணாடிக்குமா காது போய்விட்டது? இவ்வளவு நேரம் காதைச் சந்தேகப்பட்டாரே ஒழியப் பெட்டியைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. மச்சான் கை வைத்த பெட்டி ஆயிற்றே!

வீட்டுக்கு வந்து பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். அவருக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ள அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் இருக்கிற அந்தப் புகழ்பெற்ற குமிழின் முதுகில் ஒரு ஒயர்கூட இல்லை. வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது. அதற்குப் போக வேண்டிய ஒயர்களை யாரோ பொறுப்பாக மடக்கி, டேப் சுற்றி, இன்னொரு பக்கமாகக் கொண்டுபோயிருந்தார்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், பெட்டியின் பின்மூலையில், கீழே, வெளியே தெரியாத இடத்தில் இன்னொரு சின்னக் குமிழ். விரல் பட்டுப் பட்டு அதன் வரிகள் மழுங்கியிருந்தன. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் இடக்கையைத் தொங்கவிட்டால் சரியாக அதன் மேல் போய் விழும். பத்து அதைத் திருப்பிவிட்டுக் கம்பியைத் தொட்டார், தொடத்தான் தொட்டார். ஜன்னல், கதவு, அடுக்களைப் பாத்திரம் எல்லாம் சேர்ந்து அலறின.

அவர் மச்சான் வீட்டு வாசலில் போய் நின்றபோது முன்பக்கத்துப் பழைய குமிழைப் பிடுங்கிக் கையில் எடுத்து வந்திருந்தார். மச்சான் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். குமிழை அவர் மடியில் போட்டார் பத்து.

"என்ன மச்சான் இது?"

மச்சான் அதைத் தடவிப் பார்த்தார். பார்க்காமலே தெரிந்துவிட்டது. "பாலிதீன் போடுன்னு சொன்னேனே" என்றார்.

"ஊரே என்னைப் பத்துன்னு கூப்பிடுது. நீ என்னை மூணுல வெச்சு முட்டாளாக்கியிருக்க!"

"மூணு இல்ல. நாலு."

"என்னது?"

"நாலு மாப்ள. நீ குமிழைத் திருப்புறப்போ நானும் பின்னாடி கொஞ்சம் ஏத்துவேன். நீ கூட்டத்தைப் பாத்துத் திரும்பினதும் மெதுவா இறக்கி நாலுக்குக் கொண்டாந்துடுவேன். நம்ம பாட்டு ஹிட்டான வருஷம் மட்டும், சத்தியமாச் சொல்றேன், அஞ்சு வெச்சேன்."

பத்துக்கு அடிக்கலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கண் ஆபரேஷன் ஆன ஆளை அடிக்க முடியாது. ஆனால் கோபம் என்னவோ நிஜம். எத்தனை மேடை, எத்தனை கைதட்டல். அத்தனையும் பொம்மை ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வண்டி ஓட்டுகிறோம் என்று நினைக்கிற சின்னப்பிள்ளையின் ஆட்டமா? கூட்டத்துக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் தனியாக இருந்தன, அவர்களுக்குச் சத்தம் குறையவில்லை. ஏமாந்தது தான் மட்டும்தான். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினார்.

மச்சான் தலையைச் சாய்த்தார். "இந்தப் பக்கம் வந்து பேசு. அந்தக் காது லீவு."

பத்து அப்படியே நின்றார்.

"எந்தக் காது?"

"இடது. போய் ரொம்ப நாளாச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மச்சான் வாசிக்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வதைப் பார்த்து, அது ஸ்டைல் என்று நினைத்திருந்தார். கேட்டவர்களிடம் 'எங்க மச்சான் ஸ்டைலே தனி' என்று பெருமைவேறு அடித்திருக்கிறார். பெட்டி எப்போதும் மச்சானுக்கு இடப்பக்கம். அதன் ஸ்பீக்கர் வாய் எப்போதும் கொஞ்சம் மச்சான் பக்கமாகத் திரும்பியிருக்கும். பத்து மச்சானின் வலப்பக்கமாக வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லாம என்ன," என்றார் மச்சான். "வாய் வலிக்கச் சொன்னேன். காதுக்குப் பஞ்சு வாங்கிக் குடுத்தேன், அதுல நீ ஷூ துடைச்ச. உன் பொண்ணு பொறந்த புதுசு. தங்கச்சி ஒருநாள் காலைல கடைக்கு வந்து நிக்குறா. முந்தின நாள் கச்சேரி முடிஞ்சு வந்து நீ தொட்டில் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கியாம். புள்ள அழுது அழுது நீலம் பாரிச்சுப் போச்சாம், நீ பேப்பரை மட்டும் திருப்புறியாம். 'அண்ணே, என் புள்ள குரல் அவருக்குக் கேக்கணும்ணே. நீ என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது'ன்னா. அவ்ளோதான் சொன்னா. அன்னிக்கு மத்தியானமே பண்ணிட்டேன்."

"அப்போ உன் காது?"

"டிரம்ஸ் அடிக்கிறவன் காது எப்படியும் போற காதுதானே மாப்ள. ரெண்டு பேருதும் எதுக்குப் போகணும்?"

உள்ளே குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தெருவில் சைக்கிள் மணி, பக்கத்து வீட்டில் யாரோ முறத்தில் எதையோ தட்டுகிற சத்தம், மச்சான் மூச்சு விடும்போது மூக்கில் வருகிற சின்ன விசில், எல்லாம் கேட்டது. இவை இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. மகள் முதன்முதலாக 'ப்பா' என்று சொன்னது அடுத்த அறையிலிருந்து, அதுவும் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு. மனைவிக்குக் கேட்கவில்லை, இவருக்குத்தான் கேட்டது. இவர்தான் ஓடினார். வேலைக்குக் கிளம்பிப்போன அன்று வாசலில் நின்று 'போய்ட்டு வரேம்ப்பா' என்று அவள் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டது மாதிரி சொன்னதும் கேட்டது. இதையெல்லாம் அவர் தன் காதின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பத்தில் வைத்து வாசித்தும் ஒன்றும் ஆகாத இரும்புக் காது என்று!

"தங்கச்சிகிட்ட சண்டை போடாத" என்றார் மச்சான்.

"சண்டையா," என்றார் பத்து. "அவ கால்ல விழுந்தாலும் தகும் மச்சான். உன் கால்லயும்தான். ஆனா நீ உடனே சிரிப்ப."

"சிரிப்பேன்தான்."

சொன்னபடியே சிரிக்கவும் செய்தார். பத்து குமிழை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"நேத்து ஏம்ப்பா எடுக்கல?" என்றாள் மகள். பேருந்து இரைச்சலுக்கு நடுவில், பூனைக்குட்டிக் குரலில்.

"சொல்லும்மா, கேக்குது" என்றார். "நல்லா கேக்குது. நீ பேசிட்டே இரு."

வீட்டில் அன்று மனைவி வேலை முடிந்து வந்து, பின்பலகை கழற்றிக் கிடந்த பெட்டியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பத்து அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளரில் டீ போட்டுக்கொண்டு வந்து ஒன்றை அவள் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் டீ போட்டதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள், "சர்க்கரை போடலையாங்க?" என்றாள். போடவில்லை. ஆனாலும் முழுசாகக் குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம் மைதானம் நிரம்பியிருந்தது. பாட்டுக்காரனுக்குத் தலையில் முடி இல்லை, பேஸ்காரன் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தன் விரல்களையே அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். இருந்தாலும் கரும்புகை கரும்புகைதான். முன்வரிசையில் மனைவியும், பேருந்து பிடித்து வந்திருந்த மகளும் நின்றார்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடியோடு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். ஆபரேஷன் கண்ணாடி என்று யாருக்குத் தெரியப் போகிறது, பார்க்க ஜோராக இருந்தது. குச்சிகளை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு, பழக்க தோஷத்தில் இடக்கையைத் தொங்கவிட்டார். கை காற்றில் துழாவியது. அங்கே பெட்டி இல்லை.

திரும்பிப் பார்த்தார். பெட்டி மேடையின் அந்தக் கோடியில், பத்துவின் பக்கத்தில், யார் காதையும் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது. முன்னால் அந்தப் பழைய குமிழ் மறுபடி அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. "பத்து! பத்து!" என்று கூட்டம் ஆரம்பித்தது. பத்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியிடம் போனார். குனிந்து, முதலில் அதன் பின்மூலைக்குக் கை விட்டு எதையோ சரிபார்த்தார். நிமிர்ந்து, நெஞ்சோடு சேர்த்து, மச்சானுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நாலு விரலைக் காட்டினார். அப்புறம்தான் முன்குமிழைப் பிடித்தார். ஒயர் இல்லாத அந்தக் குமிழை, ஏழு, எட்டு, ஒன்பது என்று கூட்டம் எண்ண எண்ண, ஒரு மலையையே நகர்த்துகிற பாவனையில் பத்து வரைக்கும் திருப்பினார்.

மச்சான் இரண்டு குச்சிகளையும் இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, முகத்தைக் கோணி, ஐயோ என்று வாயைத் திறந்தார். பிறகு குச்சிகளை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார்.